தாழ்வான வளைவு

உளியின் நுனி சுவரைத் தொட்டது. இன்னும் அடி விழவில்லை.

மேடத்தின் உதவியாளரான அவள் அளவு நாடாவோடு பக்கத்தில் நின்றாள்.

"ஆரம்பிச்சிரட்டுமா மேடம்?" என்றார் கொத்தனார் தங்கராசு. 

"இருங்கோ. மூடியிருக்கறச்சே ஒரு படம் எடுத்துக்கறேன்."

வசுமதி மேடம் பின்னால் நகர்ந்துபோய்க் கட்டடத்தை முழுதாகப் பார்த்தார். சிவப்புச் செங்கல். வாசலுக்கு மேலே இங்கிலாந்து ராணியின் பெயரெழுத்து. முன்பக்கம் நெடுக உயரமான வளைவுகள், அகலமான கருங்கல் படிகள், மரச் சட்டம் அடித்த ஜன்னல்கள். ரயில் வந்த புதிதில் இந்தப் புறநகரில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டிய தபால் நிலையம். பழுது பார்த்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது இவர்கள் வேலை. சுண்ணாம்பில் கலக்கக் கடுக்காய் ஊறிக்கொண்டிருந்தது. அந்தத் துவர்ப்பு வாடை காற்றில் இருந்தது.

பக்கச் சுவரில் மட்டும் ஒரு வளைவு தாழ்வாக இருந்தது. இடுப்பு உயரம்தான். அதைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

"குட்டியா எவ்ளோ அழகா இருக்கு பாருடி. குழந்தைகளுக்குன்னு வச்சிருப்பானோ?"

அவள் அளவு நாடாவைச் சுருட்டினாள்.

"பின்னாடி எவனோ கத்துக்குட்டி அடைச்சிருக்கான். ஒரு கல்லோட இன்னொரு கல் சேரலை. ஒண்ணு சூளைக்கல், ஒண்ணு சுடாத பச்சைக்கல், இது என்ன, ஆட்டுக்கல் உடைசலா? நம்ம பாரம்பரியத்தை எப்படி மூடி வச்சிருக்கான் பாரேன்."

நம்ம. மேடத்துக்குப் பிடித்த சொல். நம்ம ஆபீஸ், நம்ம கட்டடம். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவளையும் அதற்குள் இழுத்துக்கொண்டார். நம்மாத்துப் பொண்ணு மாதிரி இருக்கே, எந்த ஊர்டி நீ?

செங்கல்பட்டுப் பக்கம், என்றாள் அவள்.

பக்கம் என்பது வசதியான சொல். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மேடத்தின் டப்பாவிலிருந்து புளியோதரை சாப்பிட்டாள். மேடத்தின் வீட்டுக் கொலுவுக்குப் போனாள். மேடம் தன் கையாலேயே அவளுக்குப் பூ வைத்துவிட்டார். 

அப்பா பிறந்த தெரு இங்கேயே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.

ஒரே ஒரு தடவை அப்பா சொல்லியிருக்கிறார், இந்த வழியாகப் பேருந்தில் போனபோது. அந்தத் தெருக்காரர்கள் கருங்கல் படியில் கால் வைக்கக் கூடாது. பக்கச் சுவருக்கு வந்து குனிந்து நிற்க வேண்டும். காசை உள்ளே வீச வேண்டும். தபால்தலையை ஒரு மரச் சட்டத்தால் வெளியே தள்ளிவிடுவார்கள். படியேறலாம் என்று ஆன அன்று தெருவே திரண்டு வந்தது. வீட்டுக்கு ஒரு கல். பெண்கள் மண் குழைத்தார்கள். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, அந்த வளைவை அடைத்தார்கள்.

"நம்ம கல்லு எதுப்பா?"

"எல்லாமே நம்ம கல்லுதான்."

அப்பாவும் அதே சொல்லைத்தான் சொன்னார்.

மேடம் படம் எடுத்து முடித்துத் தலையசைத்தார். தங்கராசு சுத்தியலை ஓங்கினார்.

"வேண்டாம்."

தன் குரல்தானா என்று அவளுக்கே ஐயம்.

மேடம் திரும்பினார். "ஏன்டி?"

"வளைவு தாங்காது மேடம். கல்லை எடுத்தா இறங்கிடும்."

மேடம் வளைவைக் கையால் தட்டிப் பார்த்தார். சிரித்தார்.

"யானை ஏறி நின்னாலும் தாங்கும். என்ன ஆச்சு உனக்கு இன்னிக்கு? காலம்பற சாப்பிட்டியோ?"

அந்தப் பரிவுதான் அவளைக் கலைத்தது. அதட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

சொல்லிவிடலாம். சொல்வதற்கு வழி இருக்கிறது. அந்தக் காலத்துல அவங்க இங்கதான் நிக்கணும் மேடம், அவங்களே இதை அடைச்சாங்க.

அவங்க.

அது ஒன்று போதும். கல்லும் பிழைக்கும், அவளும் பிழைப்பாள். மேடம் நெகிழ்ந்துபோவார். ஒரு கட்டுரைகூட எழுதுவார். மதியம் டப்பாவைத் திறந்து, எடுத்துக்கோடி, என்று அவள் பக்கம் நகர்த்துவார்.

மனத்துக்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். எங்கும் தட்டவில்லை.

வாயைத் திறந்தாள்.

"இது குழந்தைங்களுக்கு வச்சதில்ல மேடம். எங்க தெருக்காரங்க படியேறக் கூடாது. இங்க குனிஞ்சு நின்னுதான் காசு போடணும். உள்ள போகலாம்னு ஆன அன்னிக்கு எங்க ஆளுங்கதான் வீட்டுக்கு ஒரு கல்லு கொண்டாந்து அடைச்சாங்க."

எங்க.

நாக்கு அவளைக் கேட்காமல் திரும்பிவிட்டது. அவங்க இல்லை. நம்மகூட இல்லை. எங்க. மேடத்தை வெளியே நிறுத்திவிடுகிற சொல்.

சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாது. விழுங்கவும் தோன்றவில்லை.

தங்கராசு சுத்தியலைத் தரையில் வைத்தார். ஓசை எழாமல் வைத்தார்.

மேடம் கற்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, வெகுநேரம். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்த பிறகும் உடனே மாட்டிக்கொள்ளவில்லை.

"விட்டுடுங்கோ தங்கராசு. இதுல யாரும் கை வைக்கப்படாது. இப்படியே இருக்கட்டும்."

அவளுக்குக் கண் நிறைந்தது.

மேடம் அவளை நோக்கி ஓரடி வந்தார். நின்றார்.

"நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார்.