மனசைப் படிக்கும் படிப்பு

பாறசாலை வாழைக்குலை வியாபாரி சத்தியதாஸ், வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து வாட்ஸாப்பைத் திறந்தார். தனியார் கல்லூரிக் கவுன்சிலரின் செய்தி, ஒரு புது நம்பரிலிருந்து வந்திருந்தது.

“உங்கள் மகனை சைக்காலஜியில் சேர்க்கலாமே, சார்?”

சத்தியதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரல் செய்தி அனுப்பினார்.

“எனக்க மக நீது ஒங்க காலேஜிலதான் மூணு வருசம் அதப் படிச்சா. ஒரு வேலயும் கிடைக்கல்ல. உள்ள காதில ஹெட்போன மாட்டிட்டு சும்மா இருக்கா!”

பதில் உடனே வந்தது.

“வருத்தம் புரிகிறது, சார். ஆனால் உங்கள் தம்பி மகன் இன்ஜினீயர் ஆனபிறகு, உங்கள் மகன் வெறும் பிளஸ் டூ என்றால் சொந்தக்காரர்கள் சிரிக்க மாட்டார்களா?”

சத்தியதாஸ் ஆடிப்போனார். ஜிபேயில் மகனுக்கு ஃபீஸ் கட்டிவிட்டு, உள்ளே பார்த்துக் கத்தினார்.

“ஏட்டி நீது! ஒரு கவுன்சிலரு, முன்னபின்ன தெரியாத எனக்க மனச அப்பிடியே படிச்சிட்டாவ. அதாக்கும் படிப்பு! நீயும் படிச்சியே!”

நீது ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

“தேங்க்ஸ், அப்பா. காலேஜிலயே நேத்து எனக்கு கவுன்சிலர் வேல தந்தாவ. சம்பளம் கிடையாது, ஆள் சேத்தா கமிஷன். நீங்கதான் எனக்க முதல் ஆளு.”