தொப்புள்கொடி எண்

பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தை யாரும் சீண்டவில்லை. மாப்பிள்ளை பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்த பி.ஹெச். எண்ணைத்தான், அதாவது அமில அளவைத்தான் கேட்டார்கள். ஏழேகாலைத் தாண்டினால் மூச்சுத் திணறாமல் பிறந்த பிள்ளை. சிற்சபேசனின் மகனுக்கோ ஏழுகூட இல்லை. பளுதூக்குவதில் மாநிலப் பதக்கம் வாங்கியவன், தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"வீல்னு கத்திக்கிட்டுத்தான் பொறந்தான், சம்பந்தி," என்றார் சிற்சபேசன்.

"இன்னும் சம்பந்தி ஆகலை," என்றாள் பெண்ணின் அம்மா.

"ரத்தத்தை எடுத்ததும் ராகுகாலம் வந்துடுச்சும்மா. முடிஞ்சப்புறம் மெஷின்ல வைங்கன்னு நர்ஸைத் தடுத்துட்டேன். ஒண்ணரை மணி நேரத்துல ரத்தம் புளிச்சு, எண் இறங்கிப்போச்சு."

பெண்ணின் அப்பா நிமிர்ந்தார். "என்ன கிழமை?"

"செவ்வாய்."

"மூணுலேருந்து நாலரை. பொறுப்பான குடும்பம்தான். தட்டை மாத்திக்கலாம்."