நடுவில் ஒரு கேபிள்

அவர் நீலக் கேபிளின் ஒரு முனையைத் தன் லேப்டாப்பில் செருகினார். மறுமுனையை மகனுடையதில். இரண்டும் ‘க்ளிக்’ என்றன.

காலேஜில் படிக்கும்போது ஜெய்சன் வைத்திருந்தது அது. திரை இன்னும் பளிச்சென்று இருக்கிறது. வைஃபைதான் செத்துவிட்டது.

அவருடையதில் வைஃபை எடுக்கும். திரையில் பாதி கறுப்பு.

ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருக்கிறது. போனிலிருந்து வரும் நெட்டை அவருடைய லேப்டாப் வாங்கிக்கொள்ளும். கேபிள் வழியாக ஜெய்சனுடையதற்குக் கொடுக்கும். போனிலேயே பார்க்கலாம்தான். அதில் முகம் நகமளவுதான் தெரியும்.

அவளுக்கு முகம் தெரிய வேண்டும்.

“பாரு பியூலா, என்னோடது வாசல் மாதிரி. அவனோடது உள்ரூம். வாசல் வழியா வந்தாத்தான் உள்ள போவும். என்னோடதைத் தெரியாமக்கூட மூடிராத. மூடினா தூங்கிரும். அங்க படம் அப்படியே நின்னுரும்.”

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய வாய். இன்றைக்கும் அதற்கு நிறுத்தத் தெரியவில்லை.

அவள் தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய விளக்கங்களுக்கு அவள் இப்படித்தான் தலையாட்டுகிறாள். காதில் ஏறியதா என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை.

ஜெய்சனுடையதில் பேட்டரியும் நிற்காது. சார்ஜர் பின் கொஞ்சம் அசைந்தாலும் திரை அணைந்துவிடும். ஒரு அட்டையை மடித்துப் பின்னுக்கு அடியில் முட்டுக்கொடுத்தார்.

படம் வந்தது.

டொரன்டோவில் காலை. ஒரு சர்ச். பூக்கள். திறந்த பெட்டி.

கோட்டு போட்டு, தலை சீவி, ஜெய்சன்.

விசாவுக்கு நாள் போதவில்லை.

அவனுடைய நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் பெட்டியருகே வந்து நின்றார்.

“ஏங்க, பெத்தவ முத்தம் குடுக்காம மூடிருவாங்களா?”

ஊரில் மூடமாட்டார்கள். தாய் குனிந்து முத்தமிட்டு நிமிரும்வரை, எவ்வளவு நேரமானாலும், போதகர் காத்து நிற்பார்.

இதை எப்படி விளக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கையுறைகள் பெட்டியின் மூடியைப் பிடித்தன. மூடி சாயத் தொடங்கியது.

அவள் எழுந்தாள். கையை நீட்டினாள்.

மகன் தெரிந்த திரையிடம் அந்தக் கை போகவில்லை. பக்கத்திலிருந்த அவருடைய லேப்டாப்பை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த படம் ஒரு மூச்சு நேரம் ஓடியது. பெட்டியின் மூடி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

நின்றது.

கையுறைகள் அந்தரத்தில். கீழே நெற்றி, மூக்கு, உதடு. எல்லாவற்றின் மேலும் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவருக்குத் தெரியும். அவள் கையை எடுத்துவிட்டுத் திறந்தால் போதும். லேப்டாப் விழித்துக்கொள்ளும். கேபிளில் நெட் பாயும். அங்கே எல்லாம் நகரும்.

அவள் மெல்லக் குனிந்தாள்.

அவர் கேபிளைத் தொடவில்லை. சார்ஜர் பின்னை மட்டும், அசைந்துவிடாமல், இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.