மூன்றாவது இடம்

ஒகேனக்கல்லில் ஆளில்லாமல் தானே ஓடும் பரிசல்கள் வந்தவர்களை மறப்பதில்லை.

"வணக்கம் தணிகைவேல், மங்கை. போன வருடத் தூண்டில்கள் தயார். மகள் பூவிழி இன்னும் ஏறவில்லை" என்றது பரிசல்.

போன வருடம் மகள் உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது. பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"அவ உயிரோட இல்ல. நீ கெளம்பு" என்றான் தணிகைவேல்.

"எடை சமமாகாமல் புறப்பட முடியாது. பூவிழிக்காகக் காத்திருக்கிறேன்."

ஆள் குறைந்தால் பரிசலில் கல்லை வைத்துச் சமன் செய்வது அங்கே வழக்கம். மங்கை கரையில் இறங்கினாள். ஒவ்வொரு கல்லாகத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன பண்ற? ஏதாவது ஒண்ண எடுத்துட்டு வா" என்று அவன் எரிந்து விழுந்தான்.

கடைசியில் ஒரு கல்லைச் சுமந்து வந்தாள்.

"இதுங்க. தூக்கினா இவ்வளவுதான் கனப்பா."

அதை மகளின் இடத்தில் வைத்ததும் பரிசல் நிமிர்ந்தது.

"பூவிழியும் ஏறியாயிற்று. புறப்படலாம்."

ஆற்றில் இருவரும் தூண்டிலைத் தொடவேயில்லை. அருவிச் சாரல் அடித்தபோது மங்கை கல்லைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரை வந்தது. "மூவரும் பார்த்து இறங்குங்கள்" என்றது பரிசல்.

மங்கை முதலில் இறங்கி நடந்தாள். தணிகைவேல் குனிந்து கல்லை எடுத்தான். ஈரத்தைச் சட்டையால் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினான்.