பன்னிரண்டாவது படம்

சிங்காநல்லூர் குளத்துப் பறவைகளைப் பற்றி மகள் ரித்திகா கம்ப்யூட்டரில் மார்க்டவுன் வடிவத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகளை, அவளுடைய முதலாண்டுத் திதிக்குள் புத்தகமாக்கிவிட நினைத்தார் நஞ்சுண்டன். பிடிஎஃப் ஆக மாற்றினால் எழுத்து வந்தது. அவள் எடுத்த பதினொரு படங்களில் ஒன்றுகூட வரவில்லை.

அவளோடு வேலை பார்த்த பிரவீனாவுக்குப் போன் செய்தார்.

"ஏனுங்கப்பா, படம் இருக்கற ஃபோல்டரு பேரை மாத்திப்போட்டீங்களா?"

"ரித்திகான்னு இருந்துச்சு கண்ணு. முன்னால அமரர்னு சேர்த்தேன். நோட்டீசுல போடறோமில்ல, அப்படி."

"குறிப்புல பழைய பேருதானுங்க இருக்குது. கம்ப்யூட்டரு அந்தப் பேருல தேடிப் பார்த்துட்டு, ஆளைக் காணோம்னு உட்டுருதுங்க. அமரரை எடுத்துப்போடுங்க."

எடுத்தார். நீர்க்காகம், தாழைக்கோழி, கூழைக்கடா என்று எல்லாப் படங்களும் வந்தன. கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டாவதாக ஒன்றும் வந்திருந்தது. குளக்கரையில் ரித்திகா முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள். கடைசியாக அவளுக்கு உடுத்தி அனுப்பிய பச்சைப் புடவை. ஃபோல்டரில் எண்ணிப் பார்த்தார். பதினொன்றுதான் இருந்தது.

மறுபடி பிடிஎஃப் ஆக மாற்றினார். அதே படத்தில் அவள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தாள். ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கமாட்டாளா என்று மாற்றிக்கொண்டே இருந்தார். ஏழாம் முறை பச்சைப் புள்ளியாகத் தெரிந்தாள். எட்டாம் முறை கரை மட்டும் இருந்தது.

மாலையில் பிரவீனா கூப்பிட்டாள்.

"படமெல்லாம் வந்துருச்சுங்களாப்பா?"

"பதினொண்ணும் வந்துருச்சு, அம்மணி" என்றார்.