நூறு இரவு மூடிய ஆறு

"உன் கையெழுத்து மழையில நனைஞ்ச கோழி மாதிரி இருக்கு மச்சான். நான் சொல்ற நம்பரை மட்டுமாவது ஒழுங்கா எழுது" என்று சொல்லிவிட்டு, வைசாகே மரச்சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான்.

அவன் கிண்டலாகப் பேசியது அதுதான் கடைசி.

நூறு இரவுகள் கழித்து, அதே சட்டத்தை என் தோளில் மாட்டிக்கொண்டு அதே கரையில் நின்றேன்.

எங்கள் குலத்தில் ஒருவன் ஆற்றோடு போனால், அந்த ஆற்றை நூறு இரவு மூடிவிடுவோம். நடுவில் ஒரு கழி நட்டுத் தென்னங்கீற்று கட்டிவிட்டால் யாரும் கால் நனைக்கக்கூடாது. ஒரு மட்டிச் சிப்பிகூட எடுக்கக்கூடாது. கழியைப் பிடுங்கும் காலையில் பெண்கள் வாளியோடு இறங்குவார்கள். அள்ளிய மட்டியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, இறந்தவன் பேரில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும்.

அன்று கழியைப் பிடுங்கியாகிவிட்டது. இருபது பெண்கள் வாளியோடு தயாராக இருந்தார்கள்.

நான் குறுக்கே நின்று, மட்டிகளை எண்ணி முடிக்கும்வரை யாரும் இறங்கக்கூடாது என்றேன்.

"நூறு நாளா வெறும் மரவள்ளியைத் தின்னு நாக்கே செத்துப்போச்சு. இவன் ஒவ்வொரு மட்டிக்கும் பேர் வெச்சு ஞானஸ்நானம் குடுக்கற வரைக்கும் நாம நிக்கணுமாம்!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. கரையெல்லாம் சிரிப்பு.

"நில்லுங்கடி" என்றாள் வசெமதா அத்தை. என் அப்பாவின் தங்கை, வைசாகேயைப் பெற்றவள். "என் பிள்ளைக்காக நூறு நாள் நின்னீங்க. அவன் வேலைக்காக அரை மணி நிக்க மாட்டீங்களா?"

சிரிப்பு நின்றது.

மூன்று வருடமாக மாதந்தோறும் இந்த ஆற்றில் பத்து இடங்களில் சட்டத்தை வைத்து, அதற்குள் கிடக்கும் உயிருள்ள மட்டிகளை எண்ணுவது வைசாகேயின் வேலை. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஆற்றின் மேல்பக்கம் சரளைக்கல் அள்ளும் யந்திரம் கிளப்பும் சேறுதான் காரணம் என்றான் அவன். பெண்கள் வாரிக்கொண்டு போவதுதான் காரணம் என்றார்கள் யந்திரக்காரர்கள்.

"பெண்களை மூன்று மாதம் நிறுத்திப் பார்ப்போம். அப்போதும் குறைந்தால் யார் காரணம் என்று தெரிந்துவிடுமே" என்று ஒவ்வொரு ஊர்க்கூட்டத்திலும் கெஞ்சினான். கவா வேர்ச்சாற்றுக் கிண்ணம் கைமாறிக்கொண்டே இருக்கும். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார்கள்.

உயிரோடு இருந்தவன் மூன்று மாதம் கேட்டான், கொடுக்கவில்லை. செத்ததும் நூறு நாள் கொடுத்தார்கள்.

யந்திரம் எங்கள் குலமில்லை. அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. பிள்ளையின் துக்கத்துக்காக அத்தை தலைமுடியை வெட்டிக்கொண்ட அன்றும் அதன் சத்தம் கேட்டது.

இறங்கினேன்.

முதல் சட்டத்தில் மூன்று. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் சேறு, வாய் பிளந்த ஓடுகள். விரல் நகத்துக்குள் சேறு ஏற ஏறத் துழாவினேன். ஒன்பது இடமும் சேர்த்து இருபத்தொன்று.

கடைசி நாளில் அவன் எண்ணியபோது அதே ஒன்பது இடமும் சேர்த்து அறுபத்துமூன்று.

ஒரு பெண்ணும் கால் வைக்காத நூறு நாளில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அவன் கேட்ட சான்று என் கையில் இருந்தது. சட்டத்தைப் பாறையில் அடித்து உடைக்க வேண்டும்போல் இருந்தது.

பத்தாவது இடத்தில் சட்டத்தை வைக்க முடியவில்லை. அவன் இறந்த வாரத்துக்கு முந்தைய வாரம் யந்திரம் அவ்வளவு தூரம் கீழே வந்து அள்ளிவிட்டுப் போயிருந்தது. அது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. கலங்கலில் குழியும் தெரியாது. கையிலிருந்த மூங்கிலை விட்டுப் பார்த்தேன். அடி தட்டவில்லை.

பிடுங்கிப் போட்ட கழியை எடுத்துவந்து அந்தக் குழியின் ஓரத்தில் நட்டேன், பெண்கள் அந்தப் பக்கம் வராதிருக்க.

அத்தை நீரோரம் வரை வந்துவிட்டாள்.

"அன்னிக்கு அவன் கூப்பிடவே இல்லியாடா?"

"தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல அத்தை."

நூறு நாளில் அவள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். நானும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன்.

எங்கள் குலத்தில் மச்சானுக்கும் மச்சானுக்கும் நடுவே கிண்டலில்லாத பேச்சு கிடையாது. அப்படிப் பேசினால் ஏதோ கோபம் என்று அர்த்தம். ஆற்றில் நின்றுகொண்டு வைசாகே விலாங்கு கடித்துவிட்டது என்பான், கால் போய்விட்டது என்பான். ஒரு தடவை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருடம் முழுக்க ஊர்ச்சிரிப்பு வாங்கியிருந்தேன்.

அன்று பத்தாவது இடத்திலிருந்து, "மச்சான், முங்கறேன்டா!" என்று கத்தினான்.

"முங்கு, முங்கு. அடியில இருக்கிறதையும் எண்ணிட்டு வா!" என்று நானும் கத்தினேன்.

பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டு அவன் அடுத்த எண்ணைச் சொல்வான் என்று காத்திருந்தேன்.

பெண்கள் இறங்கினார்கள். வாளிகள் மோதிக்கொண்டன. நான் கரையில் உட்கார்ந்து ஒன்பது எண்களை எழுதினேன்.

எண்ணிக்கையை எழுத நகரத்திலிருந்து மாதம் ஒரு புதுப் படிவம் வருகிறது. பத்தாவது இடத்துக்கு எதிரே, அந்த ஆற்றில் விளையாடி வளர்ந்த எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்ததுதான், இன்னும் அப்படியே அச்சாகியிருக்கிறது: ஆழம், முழங்கால் வரை.