குளுக்கோஸ் வேண்டாம்

12.11.1986, புதன்.

இன்று ஒரு தவறு செய்தேன்: கையில் எடுத்தது தவறான பாட்டில். மாலை வகுப்புக்கும் போகவில்லை.

"ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க தம்பி, தெம்பு வரும்லா," என்றார் லோரிக்காரர் தம்புசாமி. நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடந்த காரிலிருந்து ஒருவரைத் தூக்கி வந்திருந்தார். முகம் யாரென்று தெரியாதபடி வீங்கியிருந்தது. நினைவில்லை. சட்டைப்பையில் ஒன்றுமில்லை.

கிள்ளானில் எங்கள் சின்ன மருத்துவமனையில் அப்போது உதவியாளனான நானும் தாதி தங்கமணியும்தான். டாக்டர் கார்த்திகேசு, நாங்கள் கூப்பிட்டால்தான் வீட்டிலிருந்து வருவார்.

பாட்டிலை மாட்டப் போனேன். டெலிபோன் அடித்தது.

"கார்த்திகேசு பேசறேன். வாசுவா? அந்தப் பாட்டிலக் கீழ வை. குளுக்கோஸ் ஏத்தினா மூளை இன்னும் வீங்கும்."

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. தங்கமணி முன்பே போன் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"வலது கண்ணுல டார்ச் அடிச்சுப் பாரு."

"கண்ணு பாப்பா பெருசா இருக்கு டாக்டர். சுருங்கல."

"மூளைக்குள்ள அழுத்தம் ஏறுது. பிரஷர் எவ்வளவு?"

"நூத்தி எழுபது."

"பிரஷர் விழுந்திருந்தா சலைன்தான். இப்ப மேனிட்டால் குடு, அதுதான் வீக்கத்த இழுக்கும். முதல்ல பாட்டில வெளிச்சத்துல பாரு."

மேனிட்டால் பாட்டிலின் அடியில் மருந்து கற்கண்டுபோலப் படிந்திருந்தது.

"சுடுதண்ணில வச்சுக் கரை. ஆறினதும் வேகமா ஏத்து."

"நீங்க வந்துடுங்க டாக்டர். தப்பாப் போனா ஆள் செத்துடுவாரு."

"என்னால முடியாதுலா. இங்க ஒரே இருட்டு. குளுருது. நீதான் பாக்கணும்."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு ஏற்றினேன். இருபது நிமிடத்தில் பாப்பா சுருங்கியது. சொல்ல ஓடினேன். லைனில் யாருமில்லை.

"நல்லவேளை, நீங்க டாக்டருக்கு போன் பண்ணீங்க மிஸ்ஸி," என்றேன் தங்கமணியிடம்.

"நானா? கட்டுப் போடவே நேரமில்ல தம்பி. நீதான் பண்ணேன்னு நெனச்சேன்."

எட்டரைக்குப் போலீஸ்காரர் காரில் கிடைத்த அடையாளக் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பார்த்து நோயாளியின் பெயரை மூன்றாம் கட்டிலின் அட்டையில் எழுதினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன்.

நாளை காலை ஏழு மணி: மூன்றாம் கட்டில், டாக்டர் கார்த்திகேசுவுக்குத் தலைக்கட்டு மாற்ற வேண்டும்.